ராக்கி ஹாரர் ப்ராப்பர்ட்டி: ஒரிஜினலைத் தேடுறதா, நாமளே செஞ்சுக்கிறதா?

■ வேலிக்கம்பு

வணக்கம் மக்களே. ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ (1975) படத்துல புழங்கின சாமான்களை, அதான் ப்ராப்பர்ட்டியைப் பத்தி நாலு இழையில துண்டு துண்டாப் பேசிக்கிட்டிருக்கோம். எல்லாத்தையும் ஒரே இடத்துக்குக் கொண்டு வரலாம்னு இதைத் திறக்கிறேன்.

படம் பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி: மழை ராத்திரியில கார் டயர் போய், போன் பண்ணிக்கலாம்னு ஒரு கோட்டைக்குள்ள நுழையுற நிச்சயமான ஜோடி, பிராடும் ஜேனட்டும். உள்ள கார்செட் (இடுப்பை இறுக்கிக் கட்டுற உடுப்பு) போட்ட விஞ்ஞானி ஃபிராங்க் ஆய்வகத்துல ராக்கின்னு ஒரு ஆளையே உருவாக்கிக்கிட்டிருக்காரு. அப்புறம் பாட்டு, கொலை, வேற்றுக்கிரகம். 1973ல லண்டன் ராயல் கோர்ட் தியேட்டர் மாடியில சின்ன நாடகமா வந்தது. எழுதினது ரிச்சர்ட் ஓ'பிரையன், இயக்கினது ஜிம் ஷார்மன். படத்துக்கும் அவங்களேதான். ரிலீஸ்ல படுத்துருச்சு. 1976 ஏப்ரல்ல நியூயார்க் வேவர்லி தியேட்டர் நள்ளிரவுக் காட்சியில போட ஆரம்பிச்சாங்க. அன்னில இருந்து இன்னிவரைக்கும் உலகத்துல எங்கயாவது ஓடிக்கிட்டுதான் இருக்கு.

நான் இப்ப எடுத்திருக்கிறது கடைசியில கோட்டை வேலைக்காரன் ரிஃப் ராஃப் (நடிச்சது ஓ'பிரையனேதான்) தூக்கிட்டு வர்ற மூணு முனை லேசர் துப்பாக்கி. இதுக்குக் கடையில கிடைக்கிற நகல் எல்லாம் வழவழன்னு ஏதோ பெரிய பட்ஜெட் விண்வெளிப் படத்துல இருந்து வந்த மாதிரி இருக்கு. படத்துல அது அப்படி இல்லைங்க. ஆரம்பக் காட்சியை ஞாபகப்படுத்திக்கோங்க: சர்ச் வாசல்ல இதே ஓ'பிரையன் கையில வைக்கோல் வாருற மூணு பல்லு கவைக்கோல். கிராண்ட் வுட் 1930ல வரைஞ்ச, கவைக்கோலோட விவசாயி நிக்கிற அமெரிக்கன் காதிக் ஓவியத்தை நக்கல் பண்றாங்க. அதே ஓவியம் கோட்டைக்குள்ளயும் மாட்டியிருக்கும். படத்தோட முதல்ல கவைக்கோலா வந்தது கடைசியில துப்பாக்கியா வருது, அவ்வளவுதான். அதனால பல்லுகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியைக் கவைக்கோலைப் பார்த்துதான் போடணும்னு நான் நினைக்கிறேன். தண்டுக்குப் பைன் மரம், பல்லுக்கு அலுமினியக் குழாய். கறுப்பு அடிச்சுட்டு, மேல வெள்ளித் தூளைத் துணியில தொட்டுத் தேய்க்கலாம்னு இருக்கேன்.

சரியா வருமா? இல்ல, ஒரிஜினல் எங்கயாவது கிடைக்கும்னு காத்திருக்கிறதுல அர்த்தம் இருக்கா?

■ பழையசாமான்

காத்திருக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தப் படத்தின் மொத்தச் செலவு சுமார் 14 லட்சம் டாலர். எடுக்கப்பட்டது லண்டனுக்கு மேற்கே, தேம்ஸ் கரையில் உள்ள ப்ரே ஸ்டுடியோவிலும் அதை ஒட்டிய ஓக்லி கோர்ட் மாளிகையிலும். ப்ரே என்பது ஹாமர் கம்பெனி 1966 வரை பேய்ப் படங்களாக எடுத்துத் தள்ளிய இடம். அங்கே கிடந்த பழைய சாமான்கள் பலவற்றை ராக்கி ஹாரர் குழு அப்படியே எடுத்துப் புழங்கியது. ராக்கி பிறக்கிறானே அந்தத் தொட்டி, அதற்குள் கிடக்கும் பொம்மை உடல், இரண்டுமே 1958இல் வந்த ரிவெஞ்ச் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன் படத்துடையவை. நாளைக்கே அந்தத் தொட்டி ஏலத்துக்கு வருகிறது என்று வையுங்கள். அதை ராக்கி ஹாரர் ஒரிஜினல் என்பீர்களா, ஹாமர் ஒரிஜினல் என்பீர்களா? இரண்டு தரப்புச் சேகரிப்பாளர்களும் கையைத் தூக்குவார்கள்.

அந்தக் காலத்துப் படப்பிடிப்பில் வாடகைக்கு வந்த சாமான் வாடகைக் கடைக்கே திரும்பிப் போகும். ஸ்டுடியோவில் செய்தது அடுத்த படத்துக்காகப் பிரிக்கப்படும். இரவல் வாங்கியது வீட்டுக்குப் போகும். படமும் ஓடவில்லை. ஓடாத படத்தின் சாமானை யார் பத்திரப்படுத்துவார்கள்? நள்ளிரவுக் காட்சிகளால் பெயர் வருவதற்குள் எல்லாம் நாலா பக்கமும் சிதறிவிட்டது.

ஓக்லி கோர்ட் இப்போது ஹோட்டல். 1974 அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை படமெடுத்தபோது அது ஆளில்லாத, பராமரிப்பில்லாத கட்டடம். குளிரில், ஜேனட்டாக நடித்த சூசன் சரண்டனுக்கு நிமோனியாவே வந்தது. இன்றைக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வெளிமுகப்பைப் படமெடுத்துக்கொள்ளலாம். கோட்டை வாசல் மாதிரி செய்கிறவர்களுக்கு அது ஒன்றுதான் இன்னும் அளவெடுக்கக்கூடிய ஒரிஜினல்.

■ டைம்பாஸ்_தாஸ்

ஈஸ்டர் முட்டையை விட்டுட்டீங்களே அண்ணே. படக்குழு செட்டுல முட்டை ஒளிச்சு விளையாடினாங்க, கண்டுபிடிக்காதது படத்துலயே விழுந்துருச்சுன்னு ஊரெல்லாம் சொல்றாங்க. அதுக்கும் நகல் பண்ணி விக்கிறான் ஒருத்தன்.

■ பழையசாமான்

அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஏது ஈஸ்டர், தம்பி?

■ சமிக்கி

வேலிக்கம்பு தம்பி, துப்பாக்கியை நீங்க பாத்துக்கோங்க. உடுப்புக்கு நான் வரேன். லெஸ்டர்ல தையல் கடை வெச்சிருக்கேன், இந்தப் படத்து கார்செட் தைச்சுக் குடுத்துக் குடுத்துக் கை மரத்துப்போச்சு.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. உடை வடிவமைப்பு சூ பிளேன். நாடகத்துக்கும் அவங்கதான், படத்துக்கும் அவங்கதான். படத்துக்கு உடைச் செலவுக்குன்னு கிடைச்சது 1,600 டாலர். நாடகத்துக்கு அதுவும் கிடையாது. ஃபிராங்கா நடிச்ச டிம் கர்ரி முதல்ல போட்ட கார்செட் இதுக்குன்னு தைச்சதே இல்லை. கிளாஸ்கோ சிட்டிசன்ஸ் தியேட்டர்ல கர்ரியும் பிளேனும் சேர்ந்து வேலை பாத்த வேற ஒரு நாடகத்துல இருந்து எடுத்துட்டு வந்தது! இப்படித் தொடங்கின உடுப்பை இன்னிக்கு ஒரு மில்லிமீட்டர் பிசகாம நகல் எடுக்கிறேன்னு ஆளாளுக்குக் கிளம்பியிருக்காங்க.

தைக்கிறவங்களுக்கு நாலு விஷயம்.

கயிறு முன்பக்கம். சாதாரண கார்செட்டுல கயிறு முதுகுப் பக்கம் வரும், கடையில கிடைக்கிற பேட்டர்ன் எல்லாம் அப்படித்தான் இருக்கும். அதை அப்படியே திருப்பிப் போட்டா மார்புக்கு இடம் இருக்காது. முன் துண்டுகளைத் தனியா வரையணும். ஐலெட் (கயிறு கோக்குற உலோக வளையம்) அடிக்கும்போது பின்னால வாஷர் போடாம அடிச்சீங்கன்னா இழுக்கிற இழுப்புல ரெண்டாவது காட்சிக்கே பிய்ச்சுக்கிட்டு வரும்.

உள்துணி உறுதியா இருக்கணும். கார்செட்டுக்குன்னே நெருக்கமா நெய்யுற கூட்டில் துணி கிடைக்கும், விலைதான் கடிக்கும். இல்லாட்டி கெட்டியான காட்டன் கான்வாஸ் ரெண்டு அடுக்கு. எலும்பு, அதான் விறைப்புக்கு உள்ள வைக்கிற பட்டை, ஸ்டீல்ல போடுங்க. பிளாஸ்டிக் எலும்பு உடம்புச் சூட்டுல வளைஞ்சு அந்த வளைவிலயே நின்னுடும்.

அடுத்தது சமிக்கி. சமிக்கி ஒட்டின துணியைக் கஜத்துல வாங்கி நேரா மெஷின்ல விட்டா ஊசி ஒடியும், தெறிச்சுக் கண்ணுல படும். தையல் விழப்போற ஓரத்துல அரை அங்குலத்துக்கு சமிக்கியை எடுத்துடணும். நூலை அறுக்காம, சமிக்கியை மட்டும் கத்தரியால நறுக்கி எடுங்க. நூலை அறுத்தா வரிசை முழுக்க உருவிக்கிட்டுக் கொட்டும். தைச்சு முடிச்ச பிறகு மடிப்புத் தெரியுற இடத்துல ஒண்ணொண்ணாக் கையில கோத்து வையுங்க. இதுக்குத்தான் நேரம் பூரா போகும். கோட்டையில இருக்கிற கொலம்பியாங்கிற பொண்ணோட தங்க வால்கோட்டும் இதே கதைதான், அங்க தையல் இன்னும் அதிகம்.

கிழிசல். எல்லாரும் சொதப்புற இடம் இதுதான். மீன்வலை ஸ்டாக்கிங்ஸைக் கத்தரியால வெட்டி ஓட்டை போடுறாங்க. வெட்டின ஓட்டை வெட்டின ஓட்டையாத்தான் தெரியும். கால்ல மாட்டிக்கிட்டு, தையல் பிரிக்கிற ஊசியால ஒரு கண்ணியை மட்டும் இழுத்து அறுங்க. அப்புறம் அதைப் போட்டுக்கிட்டு ஆடுங்க, உக்காருங்க, எந்திரிங்க. மிச்சத்தை அதுவே கிழிச்சுக்கும். பங்க் பசங்க கிழிஞ்ச வலையும் சாயம் போட்ட முடியுமா திரிய ஆரம்பிச்சதுக்கே இந்த உடுப்புதான் வழி காட்டிச்சுன்னு சொல்லுவாங்க. அப்படிப்பட்ட உடுப்பைப் புதுசா மடிப்புக் கலையாம கண்ணாடிப் பெட்டியில மாட்டி வெச்சா எனக்குச் சிரிப்புதான் வருது.

■ லேத்து

நல்ல தகவல் அக்கா. ஆனா கடைசிப் பாராவோட ஒத்துப்போக முடியல.

"கையில காசு இல்லாம செஞ்சது, அதனால நம்ம நகலும் கோணலா இருந்தாத்தான் நேர்மை"ன்னு ஒரு கட்சி இங்க ரொம்ப நாளா நடந்துகிட்டிருக்கு. பிரையன் தாம்சன் செட் போடும்போது மனசுல கோணலாவா நினைச்சாரு? இருக்கிற காசுல முடிஞ்ச அளவு நேராத்தான் செஞ்சிருப்பாரு. அன்னிக்கு 35 எம்.எம். பிரிண்ட்ல, புகை மூட்டத் தியேட்டர்ல யாருக்கும் தெரியாதுன்னு விட்ட பிசிறு இன்னிக்கு 4கே பிரதியில பல்லிளிக்குது. அந்தப் பிசிறையும் சேத்து நகல் எடுக்கிறது அவரு உழைப்புக்கு மரியாதையா, இல்ல அவரு மறைக்க நினைச்சதை நாம வெளிச்சம் போட்டுக் காட்டுறதா?

நான் துப்பாக்கியை 3டி பிரிண்ட்ல போட்டேன். சுவர் 3 மில்லிமீட்டர், உள்ள எஃகுக் கம்பி. ப்ரைமர் அடிச்சுத் தேச்சு, திரும்ப அடிச்சுத் தேச்சு, வரி தெரியாத அளவுக்குக் கொண்டு வந்தேன். பார்த்தவங்க எல்லாம் "இதான் அந்தத் துப்பாக்கி"ன்னாங்க. அது போதும் எனக்கு.

■ சமிக்கி

பார்த்தவங்க சொன்னா போதும்னா வாதமே இல்லையே தம்பி. உங்க துப்பாக்கி அழகா இருக்கு, நானும் போட்டோ பார்த்தேன். ஆனா அதை ஓ'பிரையன் கையில குடுத்தா அந்தக் காட்சியில தனியா துருத்திக்கிட்டு நிக்கும். அவரு போட்டிருக்கிற விண்வெளி உடுப்பு, கீழ ஸ்டாக்கிங்ஸ், கூட வர்ற தங்கச்சி மெஜந்தாவோட தலைமுடி எல்லாமே ஒரு குடும்பம். உங்களது சம்பந்தி வீட்டு ஆளு.

■ வேலிக்கம்பு

ஹாஹா. லேத்து சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கிறேன். எது தெரிஞ்சே விட்டது, எது காசில்லாம விட்டதுன்னு இன்னிக்கு நம்மால பிரிக்க முடியாது. ஆனா இந்தப் படத்துல மட்டும் ஒரு சௌகரியம் இருக்கு. கதையே பழைய பி கிரேடு பேய்ப் படங்களுக்கும் விண்வெளிப் படங்களுக்கும் எழுதின காதல் கடுதாசி. மலிவா இருக்கிறதுதான் அங்க ஜோக்கு. வேற படமா இருந்தா நானும் லேத்து பக்கம்தான் நிப்பேன்.

■ ஸ்காபரோ_சிவப்பு

வணக்கம். நான் டொரண்டோவில ஷடோகாஸ்ட் செய்யிறன். தெரியாத ஆக்களுக்கு: திரையில படம் ஓடும், அதுக்கு முன்னால நாங்கள் அதே உடுப்போட அதே காட்சியை நடிப்பம். இது 70களில நியூயோர்க்கில துவங்கின பழக்கம், இப்ப எல்லா நாட்டிலயும் இருக்கு.

நீங்கள் எல்லாரும் அலுமாரியில வைக்கிற சாமானைப் பற்றிக் கதைக்கிறியள். எங்கட சாமானுக்கு வேற சட்டம். விழும், மிதிபடும், சனம் எறியிற எல்லாம் அதில படும், பிறகு ஆரோ ஒருத்தற்ர கார் டிக்கியில அடுத்த காட்சி வரை கிடக்கும். அதால என்ர அனுபவத்தில சிலது சொல்லுறன்.

துப்பாக்கிப் பல்லு மூண்டையும் தண்டோட ஒட்டாதேங்கோ. காந்தம் வைச்சுப் பொருத்துங்கோ. விழுந்தால் கழண்டு போகும், எடுத்துத் திரும்ப ஒட்டலாம். ஒட்டி வைச்சால் முறியும்.

ஃபிராங்க் எடி எண்ட பெடியனைக் கொத்திக் கொல்லுற பிக்காசு: நடுவில பிவிசி குழாய், மேல ஈவிஏ ஃபோம். ஃபோமை வெட்டினாப் பிறகு ஹீட் கன்னால சூடு காட்டினால் மேற்பரப்பு மூடி வரும், பிறகுதான் பெயின்ற். சூடு காட்டாமல் அடிச்சால் பெயின்ற் எல்லாத்தையும் ஃபோம் குடிச்சுப்போடும். முனையை மொட்டையா விடுங்கோ. எங்கட எடி ஒவ்வொரு கிழமையும் வேற வேற பெடியன், எல்லாரும் சரியான நேரத்துக்குக் குனிவாங்கள் எண்டு சொல்லேலாது.

கையுறை. ஃபிராங்க் ஆய்வகத்தில றப்பர் கையுறையை இழுத்து அடிக்கிற சத்தம்தான் முக்கியம், நிறம் பிறகுதான். நைட்ரைல் இழுபடும், ஆனால் அந்தச் சத்தம் வராது. லேடெக்ஸ்தான் வேணும். முன்வரிசையில லேடெக்ஸ் ஒவ்வாமை ஆருக்கும் இருக்கோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

ஆய்வகத்தில அவர் போடுற பச்சை சத்திரசிகிச்சை அங்கியில இளஞ்சிவப்பு முக்கோணம் ஒண்டு இருக்கும். கன பேர் அதை அழகுக்கு வைச்சது எண்டு நினைச்சு விட்டுட்டுத் தைக்கிறாங்கள். அது நாஜி முகாமில ஓரினச் சேர்க்கையாளருக்குக் குத்தின அடையாளம். அதை விட்டால் அந்த அங்கி வெறும் ஆசுப்பத்திரி அங்கி.

■ டைம்பாஸ்_தாஸ்

சனம் எறியுறதுன்னா என்னென்ன எறிவாங்க? லிஸ்ட் இருக்கா?

■ ஸ்காபரோ_சிவப்பு

கலியாணக் காட்சிக்கு அரிசி. மழைக்குத் தண்ணித் துவக்கு, அதுக்குத் தலையில பிடிக்கப் பேப்பர். டொக்டர் ஸ்கொட் வரேக்க ரொய்லெற் பேப்பர், அதிலயும் ஸ்கொட் எண்ட பிராண்ட்தான் எறியோணும் எண்டு அடம் பிடிக்கிற ஆக்கள் இருக்கினம். சாப்பாட்டு மேசையில வாழ்த்துச் சொல்லேக்க ரோஸ்ற் பாண், வெண்ணெய் பூசாமல். பிறந்தநாள் தொப்பி, மணி, சீட்டுக்கட்டு.

இப்ப கன தியேட்டரில அரிசியும் தண்ணியும் தடை. அரிசி சீற்றுக்குள்ள போய் எலி வரும், தண்ணி பட்டால் திரை பழுதாகும். லைற்றர் எண்டு வாயே திறக்கேலாது. தியேட்டர்காரரே ஒரு பையில பொதி கட்டி விக்கினம்.

இதையும் சேகரிக்கிற ஆக்கள் இருக்கினம் எண்டதைச் சொல்ல வேணும். பழைய தியேட்டர்ப் பொதி, அதுக்குள்ள இருக்கிற அறிவுறுத்தல் தாள், காட்சி நோட்டீஸ். மியூனிக்கில மியூசியம் லிக்ட்ஸ்பீலே 1977 தொடக்கம் இந்தப் படத்தை ஓட்டுது, அங்கத்தைய பழைய நோட்டீஸ் ஒண்டு என்னட்ட இருக்கு. படத்துச் சாமானை விட இது மலிவு, பொய்யும் குறைவு. ஆர் உக்காந்து பொய் நோட்டீஸ் அடிக்கப்போறான்?

■ பழையசாமான்

ஸ்காபரோ சொன்னது பொன்னான யோசனை. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் அங்கே தொடங்கலாம்.

யாராவது சவப்பெட்டிக் கடிகாரத்தைத் தொடுவார்கள் என்று பார்த்தேன், தொடவில்லை. எனக்கு இந்தப் படத்திலேயே பிடித்த பொருள் அதுதான். கோட்டையின் முன்கூடத்தில் நிற்குமே, சவப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி மேலே மணிக்கூட்டு முகப்பு வைத்தது. அதற்குள் இருந்தது நிஜ மனித எலும்புக்கூடு. 2002இல் லண்டன் சாதபிஸ் ஏலத்தில் அந்தக் கடிகாரம் 35,000 பவுண்டுக்குப் போனது. படத்துக்காகச் செய்த பொருள் அல்ல, படத்துக்கு முன்பே இருந்த விநோதப் பொருள். இந்தப் படத்தில் உண்மையிலேயே விலைமதிப்புள்ள சாமான் என்று ஒன்று இருந்தால், அதுவும் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கிறது.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு எலும்புக்கூடு சுலபம். மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்கும் பிளாஸ்டிக் மாதிரி போதும். ஆனால் அது பளீரென்று வெள்ளையாக இருக்கும். அடர் பழுப்பு மரச் சாயத்தைத் தண்ணீர் போல நீர்க்கக் கலந்து, மூட்டுகளிலும் விலா இடுக்குகளிலும் ஓடவிட்டு, மேடான இடங்களை உடனே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சிக்கல் பெட்டியில்தான். தோள்பட்டை விரிந்து காலடியில் குறுகும் அந்தக் கோணம் கொஞ்சம் பிசகினாலும் அலமாரி போல ஆகிவிடும்.

■ வேலிக்கம்பு

அளவுக்கு நான் செய்யுற முறையைச் சொல்றேன். துப்பாக்கிக்கும் சரி, கடிகாரத்துக்கும் சரி, இதேதான்.

ஓடுற படத்தை விட மிக் ராக் எடுத்த ஸ்டில்ஸ் பெரிய உதவி. படப்பிடிப்புல புகைப்படம் எடுத்தது அவர்தான், புத்தகமாவும் வந்திருக்கு. அசையாத படம், கூர்மையா இருக்கும். அதுல சாமான் கேமராவுக்கு நேர் எதிர, சாயாம இருக்கிற படத்தைத் தேர்ந்தெடுக்கணும். பிறகு பக்கத்துலயே அளவு தெரிஞ்ச ஒண்ணைத் தேடணும். பிடிச்சிருக்கிற கை இருக்கு இல்லையா, ஆம்பளைக் கையில நாலு விரல் முட்டி சேர்ந்த அகலம் எட்டரை, ஒன்பது சென்டிமீட்டர் வரும். அதை வெச்சு தண்டோட கனத்தைப் போடலாம். கடிகாரத்துக்குப் பக்கத்துல ஆள் நிக்கிற படத்துல அந்த ஆளோட உயரம்.

ஒரு எச்சரிக்கை. கை பின்னாலயும் பல்லு கேமராவை நோக்கி முன்னாலயும் நீட்டியிருந்தா பல்லு நெசத்தை விடப் பெருசாத்தான் வரும். கடை நகல்கள்ல பல்லு நீளமா இருக்கிறதுக்கு இதான் காரணம்னு நான் சந்தேகப்படுறேன், எல்லாரும் அந்தத் துப்பாக்கி நீட்டுற படத்தையே பாத்துச் செஞ்சிருக்காங்க. பக்கவாட்டுல எடுத்ததை வெச்சு ஒத்துப் பாக்கணும். நியூசிலாந்து ஹாமில்டன்ல 2004ல வெச்ச ரிஃப் ராஃப் சிலை கையிலயும் துப்பாக்கி இருக்கு. சுத்திச் சுத்திப் படம் கிடைக்கும். அது வீட்டா ஒர்க்‌ஷாப் செஞ்ச சிலை, படத்துச் சாமான் கிடையாது, ஆனா எந்தக் கோணத்துல எப்படித் தெரியும்னு புரிஞ்சுக்க உதவும்.

■ புதுசு_புவனா

எல்லாருக்கும் வணக்கம். இப்பத்தான் சேர்ந்தேன். ஆன்லைன் ஏலத்துல கொலம்பியாவோட தங்கத் தொப்பி ஒண்ணு வந்திருக்கு. "படத்தில் பயன்படுத்தியது, சான்றிதழ் உண்டு"ன்னு போட்டிருக்கு. விலை நான் ரெண்டு மாசம் சேத்தா வாங்கிடலாம்ங்கிற அளவுலதான் இருக்கு. வாங்கலாமா?

■ லேத்து

விலையே பதில் சொல்லிடுச்சே.

■ பழையசாமான்

லேத்து, புதிதாக வந்தவரை விரட்டாதீர்கள்.

புவனா, சான்றிதழை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: படமா, மேடையா? இந்த நாடகம் ராயல் கோர்ட்டிலிருந்து கிங்ஸ் ரோடுக்குப் போய் லண்டனில் 1980 வரை ஓடியது. 1974இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராக்ஸி, 1975இல் பிராட்வே, அதன் பிறகு எத்தனையோ நாட்டுப் பயணக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொலம்பியா, ஒவ்வொரு கொலம்பியாவுக்கும் உடுப்பு, மாற்று உடுப்பு. சந்தையில் சுற்றுகிற பெரும்பாலான பொருள் இதுதான். மேடைப் பொருள் என்று சொல்லி விற்றால் அது நல்ல பொருளே, நானே வைத்திருக்கிறேன். படத்துப் பொருள் என்று சொன்னால்தான் பிரச்சினை.

இரண்டாவது கேள்வி: நடிகர் கையிலிருந்து விற்பவர் கை வரை யார் யாரிடம் இருந்தது? இடையில் ஒரு கண்ணி காணாமல் போனாலும் விலையைப் பாதிக்கு மேல் குறைத்துக் கேளுங்கள், அல்லது விடுங்கள்.

■ சமிக்கி

அதோட தொப்பியைக் கிட்டத்துல எடுத்த படம் கேளும்மா. சமிக்கி வேலையில ஒவ்வொரு துண்டும் தனி. ஒரு வரிசை கோணும், ஒரு இடத்துல ரெண்டு சமிக்கி உதிர்ந்திருக்கும், ஒட்டுப் போட்ட இடத்துல திசை மாறும். படத்துல நிறுத்தி அதே குறையைக் கண்டுபிடிச்சாத்தான் அதே தொப்பி. "அதே மாதிரி" இருக்கிறதுக்குக் காசு குடுக்காதே.

என் வாடிக்கைக்காரர் ஒருத்தர் படத்துல வந்த வால்கோட்டுன்னு நம்பிப் பெரிய தொகைக்கு வாங்கிட்டு, தளர்த்திக் குடுக்கச் சொல்லி என்கிட்ட கொண்டு வந்தார். விலாத் தையலைப் பிரிச்சா உள்ள ஒரு வெள்ளைப் பட்டி. அதுல துவைக்கிற குறி, அதுக்குக் கீழ வெப்சைட் முகவரி! 1974ல! அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னேன்.

■ புதுசு_புவனா

😂 சரி அக்கா, படம் கேட்டுப் பாக்கிறேன்.

■ வேலிக்கம்பு

இதை ஒட்டி ஒண்ணு கேக்கணும். நாம செய்யுற நகலே பத்து வருஷம் கழிச்சு எவனாவது ஒரிஜினல்னு விப்பான். நான் உள்பக்கம் என் கையெழுத்தும் வருஷமும் சுட்டு வைக்கிறேன். நீங்க?

■ லேத்து

வைக்கிறதில்லை. ஒரு பொருளை இவ்வளவு ஒத்துப்போற மாதிரி செஞ்சுட்டு அதுல என் பேரைப் பொறிச்சா எனக்கே உறுத்தும். விக்கிறதுமில்லை, என் வீட்டுலயேதான் இருக்கும்.

■ பழையசாமான்

உங்கள் காலத்துக்குப் பிறகு? வாரிசுகள் வீட்டைக் காலி பண்ணும்போது பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உண்மை. சந்தையில் நான் பார்த்த போலிகளில் பாதி ஏமாற்ற நினைத்துச் செய்ததல்ல. ஆசைக்குச் செய்தவர் போய்ச் சேர்ந்த பிறகு பெயரில்லாமல் வெளியே வந்தவை. கைப்பிடிக்குள் ஒரு வருஷத்தைப் பொறித்து வைப்பதில் என்ன குறைந்துவிடும்?

■ லேத்து

...கைப்பிடிக்குள்ளன்னா யோசிக்கலாம்.

■ டைம்பாஸ்_தாஸ்

ஜேனட் மழையில தலைக்கு மேல பிடிக்கிற பேப்பர் யாராவது பண்ணியிருக்கீங்களா? கிளீவ்லாந்து ப்ளெய்ன் டீலர்தானே அது? நான் ஒண்ணு அடிச்சு டீத்தண்ணியில முக்கிக் காயப்போட்டிருக்கேன், சூப்பரா பழுப்பாகியிருக்கு.

■ லேத்து

ஏன்யா பழுப்பாக்குன? ஜேனட் கையில இருந்தப்ப அது அன்னிக்குப் பேப்பர். கார் ரேடியோவுல நிக்சன் ராஜினாமாப் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு, அது 1974 ஆகஸ்ட். அந்தக் கதைக்குள்ள 50 வருஷப் பழைய பேப்பரை எதுக்குத் தலையில பிடிப்பா? பழுப்பானது நம்ம காலம், படத்தோட காலம் இல்ல.

நியூஸ்பிரிண்ட் தாள்லயே அடி. ஏ4 தாள்ல அடிச்சா மடிப்பு விறைப்பா நிக்கும், நனைஞ்சாலும் தொங்காது. அந்தக் காட்சிக்கே அழகு அது நனைஞ்சு தலையோட ஒட்டிக்கிறதுதான். இங்க்ஜெட்ல அடிச்சா மழையில மை கரைஞ்சு முகத்துல வழியும், லேசர்ல அடி.

■ சமிக்கி

பாத்தீங்களா, இப்ப லேத்து நம்ம கட்சிக்கு வந்துட்டாரு.

■ லேத்து

வரல. பேப்பர் விஷயத்துல மட்டும்.

■ ஸ்காபரோ_சிவப்பு

தாஸ், காட்சிக்குக் கொண்டு போறதெண்டால் உங்கட நகலை வீட்டில வைச்சிட்டு, இலவசப் பேப்பர் ஒண்டை எடுத்துக்கொண்டு போங்கோ. முதல் பாட்டு முடியிறதுக்குள்ள கூழாகிப் போகும்.

இன்னொண்டு கேக்க வேணும். கடைசியில நீச்சல் தொட்டிக்குள்ள ஃபிராங்க் பிடிச்சு மிதக்கிற டைட்டானிக் எண்டு எழுதின உயிர்காப்பு வளையம் செய்தவை ஆரும் இருக்கினமோ? நான் கடையில விக்கிற வளையம் வாங்கினனான், எழுத்துத்தான் நிக்குதில்லை. அக்ரிலிக் அடிச்சால் உரியுது.

■ வேலிக்கம்பு

வளையம் பாலித்தீனா? அப்படின்னா எந்த பெயின்ட்டும் நேராப் பிடிக்காது. 240 நம்பர் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிளாஸ்டிக் ப்ரைமர் ஒரு கோட், அது நல்லா காய்ஞ்ச பிறகு எழுத்து. இல்லன்னா வளையத்துக்கு மேல கான்வாஸ் துணியைச் சுத்தித் தைச்சு, துணி மேல ஸ்டென்சில் வெச்சு அடிங்க. அந்தக் காலத்து வளையம் கான்வாஸ் உறை போட்டதுதான், பார்வைக்கும் பொருந்தும்.

■ சமிக்கி

கான்வாஸ்னா வளைவுல சுருக்கம் விழும். நேர் பட்டியா வெட்டாம குறுக்கு வாட்டத்துல வெட்டுங்க, இழுத்துக் குடுக்கும். வளையத்தோட வெளிச் சுத்தளவும் குழாய்க் கனமும் அளந்து போடுங்க சிவப்பு, எவ்வளவு துணி வேணும்னு சொல்லிடுறேன்.

■ ஸ்காபரோ_சிவப்பு

வெளி விட்டம் 75 சென்டிமீட்டர் அக்கா. குழாயைச் சுத்தி அளந்தால் 36.

■ சமிக்கி

அப்ப ஒன்றரை மீட்டர் அகலத் துணியில ஒரு மீட்டர் வாங்குங்க. தையலை உள்வட்டத்துல வையுங்க, வெளிய தெரியாது. நாலு இடத்துல சுத்திக் கயிறு பிடிக்கிற பட்டி வருமில்ல, ஒட்டுப் போடுற இடத்தை அந்தப் பட்டிக்குக் கீழ ஒளிச்சிடலாம்.